சிறுவயதுக் கற்பனையைச் சிறுவர் கதையாக்குவது எப்படி?

குழந்தைகளுக்காக எழுத விரும்புகிறவர்களில் பலர் நல்ல கருத்து ஒன்றைத் தேடிப் பிடித்து, அதற்கு ஒரு கதையை மாட்டிவிட முயல்கிறார்கள். அப்படிப் பிறக்கும் கதையைக் குழந்தை இரண்டாம் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடும். கருத்தை ஒதுக்கிவைத்துவிட்டு, பத்து வயதுக்குள் நீங்கள் தனியாக விளையாடிய விளையாட்டு ஒன்றை நினைவுக்குக் கொண்டுவாருங்கள்.

அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். தீப்பெட்டிக்குள் பொன்வண்டு வளர்த்தவர் என்றால், பொன்வண்டு அழகாக இருந்தது என்று எழுதிப் பயனில்லை. பெட்டியில் எங்கே துளை போட்டீர்கள், கொடுக்காப்புளி இலையை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினீர்கள், அது முட்டையிட்ட காலையில் யாரிடம் முதலில் ஓடிச் சொன்னீர்கள், பெட்டியைக் காதருகே வைத்தபோது கேட்ட சுரண்டல் என்ன சொல்வதாக நினைத்தீர்கள் என்றெல்லாம் எழுத வேண்டும். அந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலில்தான் உங்கள் கதை இருக்கிறது. ஆனால் முதல் மூன்றும் இல்லாமல் அது நிற்காது.

இதற்கு, பீட்டர் முயல் கதையை எழுதிப் படமும் வரைந்த ஆங்கில எழுத்தாளர் பீட்ரிக்ஸ் பாட்டரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. 1866இல் லண்டனில் பிறந்த அவர் பள்ளிக்கு அனுப்பப்படவில்லை. தம்பி பெர்ட்ராமோடு சேர்ந்து முயல், எலி, முள்ளெலி, வௌவால் என்று வீட்டுக்குள்ளேயே வளர்த்து, ஓயாமல் வரைந்தார். செத்துப்போன பிராணிகளின் எலும்புக்கூட்டைக்கூட வரைந்து பார்த்தார். அதனால்தான் அவருடைய பீட்டர் முயல் நீலச் சட்டை போட்டிருந்தாலும், தோட்டக்காரரிடம் மாட்டிக்கொள்ளும் நேரத்தில் செருப்பைத் தொலைத்துவிட்டு நான்கு காலில் முன்னிலும் வேகமாக ஓடுகிறது. எவ்வளவு கற்பனை செய்தாலும் முயலை முயலாகவே விட்டுவைக்க அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கதையில் வரும் பிராணியையும் ஒரு வாரமாவது நேரில் கவனித்துவிட்டு எழுதுங்கள்.

அடுத்தது, நான் மிக முக்கியமாகக் கருதுவது: பெயர் தெரிந்த ஒரே ஒரு குழந்தைக்கு எழுதுங்கள். 1893 செப்டம்பர் 4 அன்று, தமக்கு முன்பு வீட்டில் பாடம் சொல்லித்தந்த ஆசிரியையின் ஐந்து வயது மகன் நோயல் உடல்நலமின்றிப் படுத்திருந்தபோது, என்ன எழுதுவதென்று தெரியாததால் நான்கு முயல்குட்டிகளின் கதையைச் சொல்வதாகக் கூறி, படங்களோடு ஒரு கடிதம் எழுதினார் பாட்டர். சில ஆண்டுகள் கழித்து அதைப் புத்தகமாக்க நினைத்தபோது, சிறுவன் பத்திரமாக வைத்திருந்த அந்தக் கடிதத்தையே இரவல் வாங்க வேண்டியிருந்தது. "குழந்தைகள்" என்று பொதுவாக நினைத்து எழுதும்போது குரல் தானாகவே மேடைக்குரலாகிவிடுகிறது. அக்கா மகளுக்கு எழுதும்போது அப்படி ஆவதில்லை.

எழுதியதை அந்தக் குழந்தைக்குப் படித்துக்காட்டுங்கள். நன்றாக இருந்ததா என்று கேட்க வேண்டாம்; மறுநாள் கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். அது விட்டுவிடும் இடங்களைத் தயங்காமல் வெட்டுங்கள், அது தானாகச் சேர்க்கும் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

படக்கதைப் புத்தகம் பெரும்பாலும் 32 பக்கம். அச்சுத்தாளை மடிக்கும் முறையிலிருந்து வந்த கணக்கு அது. எட்டு ஏ4 தாள்களை ஒன்றாக மடித்து நடுவில் தைத்தால் 32 பக்க மாதிரிப் புத்தகம் கிடைக்கும். அதில் கதையைப் பிரித்து எழுதி, பக்கத்தைப் புரட்டும் இடத்தில் "அப்புறம் என்ன?" என்று கேட்கத் தோன்றுகிறதா என்று பாருங்கள். படம் சொல்லிவிடுவதை எழுத்து மறுபடி சொல்ல வேண்டாம்.

பதிப்பகங்கள் மறுக்கலாம். பாட்டரையும் பல பதிப்பகங்கள் மறுத்தன. 1901 டிசம்பரில் அந்த முயல் கதையைச் சொந்தச் செலவில் 250 பிரதிகள் அச்சிட்டார். முதலில் மறுத்திருந்த ஃபிரெடரிக் வார்ன் நிறுவனம், படங்களை வண்ணத்தில் தந்தால் வெளியிடுவதாகச் சொல்லி, 1902 அக்டோபரில் வெளியிட்டது. புத்தகம் சிறு கைகளில் அடங்கும் அளவில்தான் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் அவர் உறுதியாக நின்றார். நீங்களும் அனுப்புவதற்கு முன், தைத்துவைத்த மாதிரியை அக்கா மகளின் கையில் கொடுத்து, அவளே புரட்டட்டும் என்று சற்றுத் தள்ளி உட்கார்ந்து பாருங்கள்.