சிறிஞ் வாங்கப் போகிறீர்களா? வன்னியிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

அம்மாவுக்கு இன்சுலின் தொடங்கிய அன்று கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) மருந்துப் போத்தலைக் கையில் தந்து, "சிறிஞ் வெளியில வாங்குங்கோ தம்பி" என்றார். எந்தச் சிறிஞ் என்று நான் கேட்கவில்லை. பின்னால் வரிசை நீண்டு கிடந்தது. பாமசிக்குப் போய் "ஊசி ஒண்டு தாங்கோ" என்றேன். தந்தது 5 சீசீ சிறிஞ். பச்சைக் கழுத்து ஊசி; மாட்டுக்குப் போடலாம் போலிருந்தது. வீட்டுக்கு வந்து பிரித்தால் அதில் இன்சுலினை அளக்கிற யுனிற் கோடே இல்லை. மல்லாவிக்கும் மாங்குளத்துக்கும் இடையில் அன்று மட்டும் இரண்டு தரம் பஸ் ஏறினேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முக்கியமாக இன்சுலின் போடுகிறவர்களுக்குத்தான் எழுதுகிறேன். தூளை, அதாவது ஹெரோயினை, ஊசியால் ஏற்றுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பின்னால் ஒரு பகுதி இருக்கிறது. இரண்டு பேருக்கும் சிறிஞ் ஒரே வகைதான், அதில் ஒட்டும் கிருமிக்கும் ஆள் வித்தியாசம் தெரியாது.

படி 1: முதலில் மருந்துப் போத்தலை வாசியுங்கள்

சிறிஞ் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான். போத்தலின் மேல் ஒரு மில்லிலீற்றரில் எத்தனை யுனிற் என்று அச்சிட்டிருக்கும். அம்மாவுக்குக் கிளினிக்கில் தருவதில் 100 என்று இருக்கிறது. அப்படியென்றால் யூ-100 சிறிஞ்தான் வேண்டும். இந்தியாவில் 40 யுனிற் போத்தல்களும் புழக்கத்தில் உண்டு; அதற்கென்று யூ-40 சிறிஞ் தனியாக விற்கிறார்கள். பெரும்பாலும் யூ-100க்குச் செம்மஞ்சள் மூடி, யூ-40க்குச் சிவப்பு மூடி. ஆனால் நிறத்தை நம்பி வாங்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். மங்கலான குழல் விளக்கு வெளிச்சத்தில் அந்த இரண்டு நிறமும் ஒன்று போலத்தான் தெரியும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. தமிழ்நாட்டு முகாமில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்த சின்னம்மா, வரும்போது தன்னிடம் மிஞ்சியிருந்த சிறிஞ் பக்கற் ஒன்றை அன்போடு அம்மாவுக்குத் தந்தார். நல்ல சிறிஞ், உறை பிரிக்காதது. ஆனால் யூ-40. அம்மாவின் அளவு 16 யுனிற். அந்தச் சிறிஞ்சில் 16 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 0.4 மில்லிலீற்றர். எங்கள் போத்தல் மருந்தில் அது 40 யுனிற். இரண்டரை மடங்கு! அடுத்த கிளினிக்குக்கு அந்தப் பக்கற்றையும் கொண்டு போனதால் மிஸ்ஸியின் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் ஒரு இரவு சீனி இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயங்கித்தான் எங்களுக்கு விளங்கியிருக்கும். அப்படி ஒருவருக்கு நடந்தால், நினைவோடு விழுங்கக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சீனித் தண்ணி கொடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள்.

படி 2: கேட்பதை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்

"ஊசி" என்று மட்டும் கேட்டால் எனக்கு நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும். இன்சுலின் சிறிஞ் மூன்று அளவில் வரும்: 0.3 மில்லிலீற்றர் 30 யுனிற்றுக்கு, 0.5 மில்லிலீற்றர் 50 யுனிற்றுக்கு, 1 மில்லிலீற்றர் 100 யுனிற்றுக்கு. உங்கள் அளவு கொள்ளக்கூடியதில் சிறியதை எடுப்பது நல்லது. 50 யுனிற் சிறிஞ்சில் ஒரு சின்னக் கோடு ஒரு யுனிற். 100 யுனிற் சிறிஞ்சில் பெரும்பாலும் ஒரு கோடு இரண்டு யுனிற். 15 யுனிற் போடுகிறவர் 100 யுனிற் சிறிஞ்சில் இரண்டு கோட்டுக்கு நடுவில் கண்மதிப்பாகத்தான் பிடிக்க வேண்டும். வயதான கண்ணுக்கு அது சரிவராது. எங்கள் பக்கத்துப் பாமசிகளில் 1 மில்லிலீற்றர்தான் லேசாகக் கிடைக்கிறது. மற்றது வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி எடுப்பிக்க வேண்டும்.

ஊசியின் தடிப்புக்கும் ஒரு இலக்கம் உண்டு: 29, 30, 31. இலக்கம் கூடக் கூட ஊசி மெல்லிசாகும். முதல்நாள் நான் இதைத் தலைகீழாக விளங்கியிருந்தேன். நீளத்தில் 6 அல்லது 8 மில்லிமீற்றர் போதும் என்றுதான் கிளினிக்கில் சொன்னார்கள்.

ஆகவே கடையில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "அண்ணை, யூ நூறு இன்சுலின் சிறிஞ், ஒரு எம்எல், பத்துத் தாங்கோ." சாதாரணமாக மருந்துச் சீட்டுக் கேட்பதில்லை. ஆனாலும் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு போங்கள். முக்கியமாக இளந்தாரிப் பிள்ளைகள் அம்மா அப்பாவுக்காக வாங்கப் போகும்போது. இப்போதைய நிலைமையில் இருபது வயதுப் பெடியன் சிறிஞ் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்க்கிறார். கொப்பியை மேசையில் வைத்தால் அந்தப் பார்வை போய்விடும்.

அதற்கு முன் கிளினிக்கிலேயே "சிறிஞ் இருக்கா மிஸ்ஸி?" என்று ஒருமுறை கேட்டுவிடுங்கள். இருந்தால் சும்மா கிடைக்கும். கேட்காதவருக்குத் தேடிவந்து தரமாட்டார்கள்.

படி 3: காசு கொடுக்க முன்னம் உறையைப் பாருங்கள்

கடை வாசலில் நின்றே பாருங்கள், வீட்டுக்குப் போய் அல்ல. உறையில் ஒரு சின்ன மணற்கடிகாரப் படம் இருக்கும். அதன் பக்கத்தில் உள்ளதுதான் காலாவதித் திகதி. தொழிற்சாலைப் படத்துக்குப் பக்கத்தில் இருப்பது செய்த திகதி. அதைக் காலாவதி என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு. வட்டத்துக்குள் 2 எழுதி அதன் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால், இரண்டாம் தரம் பாவிக்கக் கூடாது என்று அர்த்தம். 'ஸ்ரெறைல்' என்ற ஆங்கிலச் சொல் ஒரு கட்டத்துக்குள் இருக்கும். அதுதான் கிருமி நீக்கியது என்பதன் அடையாளம்.

தனித்தனி உறையில் வருவது கிழியாமலும் நனையாமலும் இருந்தால் சரி. பத்துச் சிறிஞ் ஒரே பையில் வருவதும் உண்டு. அந்தப் பையைப் பிரித்து ஒன்று இரண்டாகச் சில்லறைக்கு விற்பார்கள். அப்படி வாங்கினால் இரண்டு மூடியையும் பாருங்கள்: ஊசிப் பக்க மூடி ஒன்று, பின்பக்கத் தண்டின் மூடி ஒன்று. அந்த வகையில் உள்ளே கிருமி போகாமல் காப்பது இந்த இரண்டு மூடியும்தான். ஒன்று கழன்றிருந்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற ஆக்கள்தானே நாங்கள்.

படி 4: மாரிக்கு முன் எண்ணி வையுங்கள்

நாளுக்கு இரண்டு தரம் என்றால் மாதத்துக்கு அறுபது. அதோடு இரண்டு கிழமைக்கு மேலதிகமாக ஒரு முப்பது. கார்த்திகை மார்கழியில் குளங்கள் வான்பாய்ந்தால் உள்வீதிகளில் பஸ் நின்றுவிடும்; போயா நாளில் போனால் கடை பூட்டியிருக்கும். இன்சுலினைப் பிறிஜ்ஜில் வைப்பவர்கள் சிறிஞ்சையும் அங்கே திணிக்க வேண்டியதில்லை. ஈரம் படாத, பிள்ளைகளுக்கு எட்டாத இடம் போதும்.

படி 5: ஒரு ஆளுக்கு, ஒரு தரம்

வீட்டில் இரண்டு பேருக்குச் சலரோகம் இருந்தால் "ஒரே இரத்தம்தானே" என்று ஒரே சிறிஞ்சைப் பாவிப்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். எச்.ஐ.வி., ஈரலைத் தாக்கும் ஹெப்படைட்டிஸ் பி, சி மூன்றும் கண்ணுக்குத் தெரியாத இரத்தத் துளியிலும் போகும். ஹெப்படைட்டிஸ் சி வைரஸ் சிறிஞ்சுக்குள் 63 நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும் என்று ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஊசியை மட்டும் மாற்றினாலும் போதாது. இரத்தம் குழாய்க்குள்ளும் ஏறும்.

பாட்டி கடைசிவரை "கொதிதண்ணியில போட்டு எடு" என்பார். அவர் காலத்தில் கண்ணாடிச் சிறிஞ், அதை அவித்துத்தான் பாவித்தார்கள். இது பிளாஸ்ரிக். அவித்தால் நெளியும், சுத்தமாகாது. ஸ்பிரிட் பஞ்சால் ஊசியைத் துடைப்பதும் பிழை. வலிக்காமல் இறங்குவதற்காகப் பூசிய சிலிக்கன் போய்விடும்.

தன் சிறிஞ்சையே இரண்டு மூன்று நாள் பாவிக்கிறவர்கள் நிறையப் பேர், காசுக் கஷ்டம். அது சரியில்லை, ஊசி முனை மழுங்கும், கிருமி நீக்கம் போய்விடும். ஆனால் அவர்களை ஏச எனக்கு வாய் வராது. கிளினிக்கில் உண்மையைச் சொல்லுங்கள், அதுதான் வழி.

தூள் ஏற்றுகிறவர்களுக்கு

வெளிநாடுகளில் ஊசி மாற்று நிலையம் என்று ஒன்று இருக்கிறது. பாவித்த சிறிஞ்சைக் கொண்டு போய்க் கொடுத்தால், காசில்லாமல் புதியது தருவார்கள். 1984இல் அம்ஸ்ரடாமில், போதைப்பொருள் பாவிப்பவர்களின் சங்கமே ஹெப்படைட்டிஸ் பி பரவுவதைக் கண்டு இதைத் தொடங்கி வைத்தது. பிரித்தானியாவில் பல பாமசிகளிலேயே தருகிறார்கள். இந்தியாவில் தேசிய எயிட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் திட்டத்தில், களப்பணியாளர் ஊசி ஏற்றுகிறவர்கள் இருக்கும் இடத்துக்கே புதியதைக் கொண்டுபோய், பழையதை எடுத்து வருகிறார்கள். லண்டனிலோ சென்னையிலோ இருந்து இதை வாசிக்கிறவர்கள், உள்ளே போனதும் உபதேசம் செய்வார்கள் என்று பயப்பட வேண்டாம். என்ன அளவு வேண்டும் என்று கேட்பார்கள், பழையதைப் போட ஒரு பெட்டி தருவார்கள், விரும்பினால் இரத்தப் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள்.

வன்னியில் அப்படியொரு நிலையத்தை நான் கண்டதில்லை. இங்கே தூளை ஊசியால் ஏற்றுகிறவர்களை விட, புகைக்கிறவர்கள்தான் கூட. அதனால் ஊசிக்காரர் இன்னும் ஒளிந்து கிடக்கிறார்கள். அவர்களுக்கும் வழி பாமசிதான்: மேலே சொன்ன அதே இன்சுலின் சிறிஞ், அதே உறைச் சோதனை. ஊசி கழற்ற முடியாதபடி சேர்ந்தே வருவதால் அதில் மிஞ்சி நிற்கும் இரத்தமும் குறைவு. சிறிஞ்சை மட்டுமல்ல, தண்ணி, கரண்டி, பஞ்சு எதையும் பங்கு போட வேண்டாம். தனியே இருந்து ஏற்றவும் வேண்டாம். மூச்சு அடங்கினால் 1990ஐ அழைக்க ஒருவர் பக்கத்தில் வேண்டும். அரச பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விஷயம் வெளியில் போகாது. விட நினைக்கிறவர்களுக்குத் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கம் இருக்கிறது.

"சிறிஞ் குடுத்தால் பழக்கம் கூடாதோ?" என்று ஒரு மாமா கேட்டார். சிறிஞ் இல்லாவிட்டால் அவன் விடப்போவதில்லை மாமா, கூட்டாளியின் ஊசியை வாங்கிக் குத்துவான் என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

படி 6: பாவித்ததை எங்கே போடுவது

சரி, இதில்தான் எங்கள் ஊரில் பெரிய பிழை நடக்கிறது. வளவு மூலையில் குப்பையோடு போட்டு எரிப்பார்கள். பிளாஸ்ரிக் உருகும், ஊசி அப்படியே கிடக்கும். கோழி கிண்டும், வெறுங்காலோடு பிள்ளை ஓடும்.

மூடி திருகுகிற தடித்த பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை எடுங்கள். உடுப்புத் தோய்க்கும் திரவம் வருகிற போத்தல் நல்லது. மெல்லிய தண்ணிப் போத்தல் வேண்டாம், ஊசி துளைத்து வெளியே வரும். குத்தியவுடன் மூடியைத் திரும்பப் போட முயலாமல் ஊசி கீழே பார்க்கப் போத்தலுக்குள் விடுங்கள். ஊசி குத்துவது கூடுதலாக அந்த மூடி போடும் நேரத்தில்தான். முக்கால்வாசி நிரம்பியதும் இறுக மூடி, ரேப் சுற்றி, மேலே "ஊசி" என்று எழுதிக் கிளினிக் நாளில் கொண்டு போங்கள். எங்கள் மிஸ்ஸி வாங்கி வைக்கிறார். உங்கள் இடத்தில் எப்படி என்று முதல்நாளே கேட்டுவிடுங்கள்.

வழியில் சிறிஞ் கிடந்தால்? மிதிவெடிக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்ததை இங்கே எல்லோருக்கும் தெரியும்: தெரியாத பொருளைத் தொடாதே, பெரியவரிடம் சொல். பிள்ளைகளுக்கு அதையே சொல்லுங்கள். பெரியவர் போத்தலை நிலத்தில் நிறுத்தி வைத்து, குறட்டால் பிடித்து உள்ளே போட வேண்டும். போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு அல்ல.

தவறிக் குத்திவிட்டால் ஓடுகிற தண்ணியில் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிதுக்க வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவையென்றால் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு நல்லது. இரவென்றாலும், மழையென்றாலும், பஸ் இல்லையென்றாலும் பக்கத்து வீட்டு ஓட்டோவை எழுப்புங்கள்.