நாற்பதில் குதிரை ஏறப் போகிறவர்களுக்கு

எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா, பழனியில் குதிரை வண்டி ஓட்டினார். பஸ் ஸ்டாண்டில் இறங்கும் பக்தர்களை அடிவாரத்துக்குக் கொண்டுபோய் விடுவதுதான் பிழைப்பு. வண்டிக்குள் வைக்கோல் பரப்பி மேலே சாக்கு விரித்திருப்பார். ஆட்கள் ஏறியதும், "கொஞ்சம் முன்னால தள்ளி உக்காருங்க சாமி" என்று தவறாமல் சொல்வார். பின்பாரம் கூடினால், குதிரையைப் பூட்டும் ஏர்க்கால் மேலே தூக்கும், வயிற்றுவார் குதிரையை இறுக்கும். முன்பாரம் கூடினால் எல்லாம் அதன் முதுகில் இறங்கும். "வலிக்குதுன்னு அது சொல்லாது அம்மிணி, நாமதான் பாத்துக்கணும்" என்பார். எனக்கு அப்போது ஆறு வயது.

ஆசை அன்றைக்கு வந்ததுதான். ஆனால் சேணம் போட்ட குதிரையில் முறையாக ஏறியது 38 வயதில். இப்போது கோவைக்கு வெளியே ஒரு லாயத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போலத்தான். "சின்ன வயசுலருந்தே ஆசைங்க" என்று தயங்கித் தயங்கிச் சொல்வார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எங்கே கற்பது என்று பாருங்கள். பணம் கட்டுவதற்கு முன்பு ஒருமுறை சும்மா போய் லாயத்தைச் சுற்றிவாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? ஒரு குதிரை நாளைக்கு 25 முதல் 45 லிட்டர் வரை குடிக்கும், நம் ஊர் வெயிலில் அதற்கு மேலும் கேட்கும். முதுகில் சேணம் படும் இடத்தில் புண்ணோ முடி உதிர்ந்த திட்டோ இருக்கிறதா? லாடத்தின் விளிம்பைத் தாண்டிக் குளம்பு வளர்ந்து தொங்குகிறதா? ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பைச் சீவி லாடம் மாற்ற வேண்டும். பயிற்சியாளர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் சரி, குதிரையின் முதுகும் காலும் சரியில்லை என்றால் அங்கே சேராதீர்கள். உங்கள் எடையையும் மறைக்காமல் சொல்லுங்கள். சேணத்தோடு சேர்த்து, குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றக்கூடாது. 400 கிலோ குதிரைக்கு 80 கிலோ. நம் பக்கத்து மட்டக்குதிரைகளுக்கு இந்தக் கணக்கு இன்னும் குறையும்.

ஹெல்மெட் இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். குதிரைச் சவாரிக்கென்று செய்த ஹெல்மெட்தான் வேண்டும். ஒருமுறை விழுந்து தலை அடிபட்டால், வெளியே கீறல்கூட இல்லாவிட்டாலும் அதை மாற்றிவிட வேண்டும். காலுக்குச் சின்னதாகக் குதி வைத்த மூடிய ஷூ போதும். செருப்பும் வேண்டாம், குதியே இல்லாத கேன்வாஸ் ஷூவும் வேண்டாம். சேணத்தில் கால் வைக்கத் தொங்கும் வளையமான அங்கவடிக்குள் பாதம் முழுக்க நுழைந்து மாட்டிக்கொண்டால், விழும்போது குதிரை உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள். சாணியும் மண்ணும் ஆணியும் உள்ள இடம் அது.

இனி குதிரையின் அருகே போவது. என்னிடம் வருகிறவர்களை முதல் நாள் நான் ஏற்றுவதில்லை. சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் ஏற்றமாட்டேன். குதிரைக்குக் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் கிட்டத்தட்ட சுற்றிலும் பார்க்கும். தெரியாத இடங்கள் இரண்டு. நெற்றிக்கு நேர் எதிரே மூக்கை ஒட்டிக் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். அதனால் இடது தோளை நோக்கி, பேசிக்கொண்டே நடந்து போங்கள். எடுத்ததும் மூக்கில் கை வைக்காதீர்கள், முதலில் தோளில் கை வையுங்கள். பின்னால் போக வேண்டியிருந்தால் உடம்பில் வைத்த கையை எடுக்காமல் ஒட்டி நடங்கள், இல்லையென்றால் உதைக்கு எட்டாத தூரத்தில் சுற்றிப் போங்கள். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் ஆபத்து.

காதைப் பாருங்கள். முன்னால் நீட்டியிருந்தால் எதையோ கவனிக்கிறது. ஒரு காது உங்கள் பக்கம் திரும்பினால் நீங்கள் பேசுவதைக் கேட்கிறது. இரண்டும் கழுத்தோடு ஒட்டிப் படிந்தால் அது கோபம், விலகிவிடுங்கள். தின்னக் கொடுப்பதை விரித்த உள்ளங்கையில், கட்டைவிரலை ஒட்டி வைத்துக் கொடுங்கள். வெல்லமோ கேரட்டோ ஒரு துண்டு போதும். அதையும் குதிரைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கண்டதைத் தின்று வயிற்றுவலி வந்தால் அதன் உயிருக்கே ஆபத்து. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, கடல் கடந்து வந்து இறங்கும் குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாததால் செத்துப்போவதாக எழுதியிருக்கிறார். அதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து குளம்பு. இதைக் கற்றுக்கொண்டால் பயம் பாதி போய்விடும். வால் பக்கம் பார்த்துத் தோளருகே நில்லுங்கள். கையைத் தோளிலிருந்து மெல்லக் கீழே இறக்கி, கணுக்காலுக்குமேல் லேசாக அழுத்துங்கள். பழகிய குதிரை தானே காலைத் தூக்கிக் கொடுக்கும். அடியில் ரப்பர் போல ஒரு முக்கோணப் பகுதி இருக்கும், அதன் இரு பக்கமும் பள்ளம். வளைந்த கொக்கியால் பின்னிருந்து முன்னே அந்தப் பள்ளங்களைச் சுரண்டுங்கள். முக்கோணத்தைக் குத்தாதீர்கள், அதற்கு உணர்ச்சி உண்டு. சாணி, மண், சில நாள் சின்னக் கல் ஒன்று வந்து விழும். மழைக்காலத்தில் அழுகல் வாடை அடித்தால் உடனே குதிரைக்காரரிடம் சொல்லுங்கள். அரை டன் எடைக்குக் கிட்டத்தட்ட வரும் ஓர் உயிர் தன் காலை உங்கள் கையில் கொடுத்துவிட்டு மூன்று காலில் அமைதியாக நிற்பதை அனுபவித்த பிறகு ஏறினால், ஏறும் விதமே வேறாக இருக்கும்.

சேணம் போடும்போது கம்பளித் துணியைக் கொஞ்சம் முன்னே வைத்துப் பின்னோக்கி இழுங்கள், முடி படிந்து கிடக்கும். வயிற்றுவாரை ஒரே மூச்சில் இறுக்காதீர்கள். இறுக்கும்போது பல குதிரைகள் வயிற்றை உப்பிக்கொள்ளும். நான் முதன்முதலில் காசு கட்டிக் கற்கப் போன இடத்தில் இதை யாரும் சொல்லவில்லை. சேணம் போட்டதும் ஏற்றிவிட்டார்கள். பத்தடி நடப்பதற்குள் குதிரை மூச்சை விட்டது, வார் தளர்ந்தது, சேணம் என்னோடு சேர்ந்து பக்கவாட்டில் சரிந்தது. தோள்பட்டை இரண்டு மாதம் வலித்தது. பாவம், அந்தக் குதிரைமேல் ஒரு தப்பும் இல்லை. சேணம் வயிற்றுக்கடியில் தொங்க, நடுங்கிக்கொண்டு அங்கேயே நின்றது. இறுக்குங்கள், பத்தடி நடத்துங்கள், மறுபடி இறுக்குங்கள். வாருக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தால் சரி. ஏறுவதற்கு முன்பு உங்கள் கையால் ஒருமுறை பார்த்துவிடுங்கள், வேறு யார் பார்த்திருந்தாலும்.

ஏறுவதற்கு முக்காலி கேளுங்கள். தரையிலிருந்து தொற்றி ஏறினால் குதிரையின் முதுகு ஒரு பக்கமாக இழுபடும். இடது பக்கம் நின்று, லகானோடு ஒரு கொத்துப் பிடரி மயிரையும் இடது கையில் பிடித்து, இடது காலை அங்கவடியில் வைத்து எழும்புங்கள். மேலே போனதும் பொத்தென்று விழாமல், கொதிக்கிற பால் பாத்திரத்தை இறக்கி வைப்பது போல உட்காருங்கள். காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். குதிகால் கீழே, பார்வை முன்னே. தரையைப் பார்த்தால் உடம்பு தரைக்குத்தான் போகும்.

முதல் சில வாரம் லகானைக் கையில் வாங்காதீர்கள். பயிற்சியாளர் நீளக் கயிற்றில் குதிரையை வட்டமாக நடத்தட்டும், நீங்கள் கையை இடுப்பில் வைத்து உட்காரப் பழகுங்கள். காரணம் இருக்கிறது. லகானின் மறுமுனை குதிரையின் வாயில் உள்ள கடிவாள இரும்பில் முடிகிறது. உட்காரத் தெரியாதவர் தடுமாறும்போதெல்லாம் லகானைத்தான் பிடித்துத் தொங்குவார், அந்த இழுப்பெல்லாம் அதன் வாயில்தான் விழும்.

குளம்புச் சத்தம் நடையில் நான்கு தாளம், துள்ளி ஓடும் டிராட்டில் இரண்டு, அதைவிட வேகமான கேன்டரில் மூன்று. டிராட்டில்தான் எல்லோரும் திணறுவார்கள். ஒரு தாளத்துக்கு எழுந்து மறு தாளத்துக்கு உட்கார வேண்டும். நானும் ஒரு மாதம் திணறினேன். தொடை தோலுரிந்து, கண்ணில் தண்ணீரோடுதான் வீட்டுக்குப் போவேன். ஒருநாள் பயிற்சியாளர், "கண்ணை மூடிட்டு சத்தத்தை மட்டும் கேளுங்கம்மா" என்றார். மூடினேன். டக் டக், டக் டக். அது எங்கள் சந்தில் விடிகாலை நாலரை மணிக்குக் கேட்கும் சத்தம். அப்புச்சி முதல் சவாரிக்குக் கிளம்புவதைப் பாயில் படுத்தபடி அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். ஒரு லாடம் தளர்ந்திருந்தால்கூடச் சத்தத்தில் தெரியும். அதற்குப் பிறகு எண்ண வேண்டியிருக்கவில்லை, உடம்பு தானே எழுந்தது. உங்களுக்கு அப்படி ஒரு சத்தம் நினைவில் இல்லாவிட்டால், இறங்கி வேலியோரம் நின்று மற்றவர்களின் குதிரைகளைக் கண்ணை மூடிக் கேளுங்கள். பத்து நிமிடம் கேட்டுவிட்டு ஏறினால் வித்தியாசம் தெரியும்.

விழுவீர்கள். விழும்போது லகானை விட்டுவிடுங்கள், கையை ஊன்றாதீர்கள், உருண்டு குதிரையிடமிருந்து விலகுங்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் சொந்தமாக ஒன்று வாங்கலாமே என்று தோன்றும். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் போனால் அந்த எண்ணம் பத்து மடங்காகும். நுனி வளைந்து ஒன்றையொன்று தொடும் காதுகளோடு மார்வாரி, கத்தியவாரி இனக் குதிரைகள் நிற்கும், மேளத்துக்குக் காலைத் தூக்கி ஆடும். போங்கள், கண் நிறையப் பாருங்கள், பணம் கொண்டுபோகாதீர்கள். குதிரை 25, 30 வருடம் வாழும். தினமும் காலையும் மாலையும் பார்த்துக்கொள்ள ஆளும் இடமும், கூப்பிட்டால் வரும் கால்நடை மருத்துவரும், லாடம் அடிக்க ஆளும் கிடைத்த பிறகு வாங்குங்கள். சந்தையில் சுழி பார்த்துத்தான் விலை பேசுவார்கள். நான் சுழி பார்ப்பதில்லை. குளம்பையும் பல்லையும் பார்ப்பேன், கல் தரையில் நடக்கவிட்டு நொண்டுகிறதா என்று குளம்புச் சத்தத்தைக் கேட்பேன்.

சவாரி முடிந்ததும் அப்படியே இறங்கிப் போய்விடாதீர்கள். கடைசிப் பத்து நிமிடம் மெதுவாக நடத்துங்கள். இறங்கி வாரைத் தளர்த்துங்கள். சேணம் கழற்றி, தண்ணீர் ஊற்றி வழித்துவிடுங்கள், மறுபடி ஊற்றுங்கள். சூடாக இருக்கும் குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்று அப்புச்சி சொல்வார். இந்த ஒன்றில் நான் அவர் பேச்சைக் கேட்பதில்லை, குடிக்க விடலாம் என்கிறார்கள் மருத்துவர்கள். முதுகிலும் வாரடியிலும் தடவிப் பாருங்கள், வீக்கம் உண்டா, தொட்டால் சுளிக்கிறதா என்று. நான்கு குளம்பையும் இன்னொரு முறை சுரண்டுங்கள். பிறகு தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், பாதிக்குக் கீழே இருந்தால் நிரப்பிவிட்டு.