பழைய ஜீப், ஜிப்சி வாங்கப் போகிறீர்களா? பானெட்டைத் திறப்பதற்கு முன் கீழே குனியுங்கள்

பழைய மஹிந்திரா ஜீப்பையோ மாருதி ஜிப்சியையோ பார்க்கப் போகிறவர்கள் முதலில் பானெட்டைத்தான் திறப்பார்கள். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. எம்.எம். 540-இல் உள்ள பியூஜோ டீசல் என்ஜினானாலும் சரி, ஜிப்சி கிங்கின் 1.3 லிட்டர் பெட்ரோல் என்ஜினானாலும் சரி, கெட்டுப்போனால் பிரித்துக் கட்ட ஆள் கிடைக்கும். அரித்துப்போன சேசிஸுக்கும் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம்) வண்டியோடு ஒத்துப்போகாத ஆர்.சி.க்கும் (பதிவுச் சான்று) அப்படிச் சுலபமான வைத்தியம் இல்லை. ஆகவே முதலில் காகிதம், அப்புறம் சேசிஸ், அப்புறம் முன் ஆக்சில். என்ஜின் கடைசி. கீழே உள்ள தலைப்பு ஒவ்வொன்றும் வாங்குபவர்கள் செய்யும் ஒரு தவறு.

கையில் டார்ச், ஸ்க்ரூடிரைவர், டேப், சாக்பீஸ், ஜாக்கி, ஜாக் ஸ்டாண்ட், சக்கரத்துக்குக் கட்டை, கீழே விரிக்க ஒரு சாக்கு இருந்தால் போதும்.

விலை பேசி முடித்த பிறகு ஆர்.சி. கேட்பது

சேசிஸ் நம்பரைத் தகட்டில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். தகட்டை ரிவெட் அடித்து மாற்றிவிடலாம். சேசிஸ் சட்டத்திலேயே குத்தியிருக்கும் எண்ணைத் துடைத்து, மேலே தாள் வைத்து பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். எண்ணைச் சுற்றி கிரைண்டர் ஓடிய தடமோ, ஏறி இறங்கிய எழுத்துகளோ தெரிந்தால் அந்த வண்டியை மறந்துவிடுங்கள்.

என்ஜின் நம்பரும் அப்படியே. ஜிப்சிக்குள் டீசல் என்ஜின், ஜீப்புக்குள் வேறு கம்பெனி என்ஜின் என்று ஏற்றிய வண்டிகள் ஏராளம். ஓட்டச் சுகமாக இருக்கும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இப்படி இஷ்டத்துக்கு மாற்றுவதை அனுமதிப்பதில்லை; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. ஆர்.சி.யில் ஏறாத என்ஜின் என்றால் எஃப்.சி.யில் (தகுதிச் சான்றுச் சோதனை) மாட்டும், விபத்தில் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கும்.

15 ஆண்டு முடிந்த சொந்த வண்டிக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கு அதற்கான கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-இல் 10,000 ஆக்கிவிட்டார்கள். பதிவு காலாவதியான வண்டியென்றால், புதுப்பித்துத் தரும் பொறுப்பை விற்பவரிடமே விடுங்கள். டெல்லிப் பக்கம் இருந்து மலிவாக வரும் வண்டிக்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று) கையில் இருக்க வேண்டும். இங்கே மறுபதிவுக்கான வரியையும் விலையோடு கூட்டிப் பாருங்கள்.

பெயிண்ட்டில் மயங்குவது

இந்த வண்டிகளில் பாடி தனி, சேசிஸ் தனி. பாடியில் ஓட்டை விழுந்தால் டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்துவிடலாம். புட்போர்டில் ஒட்டுப் போட்டிருப்பதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது கீழே இருக்கிறது.

சேசிஸ் சட்டம் பெட்டி போல மூடியிருக்கும் இடங்களில் சேறும் ஈரமும் உள்ளேயே தங்கும். துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வரும்; வெளியே தெரியும்போது தகடு காகிதமாகியிருக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று கேட்கும். ஸ்பிரிங் பட்டையைத் தாங்கும் பிராக்கெட்டுகள், ஷாக்கிள் மாட்டும் இடம், பாடி உட்காரும் ரப்பர்களின் அடி, ட்ரான்ஸ்ஃபர் கேஸை (என்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) தாங்கும் குறுக்குச் சட்டம் ஆகிய இடங்களில் முனையாலேயே அழுத்திப் பாருங்கள். பட்டை பிராக்கெட்டின் மேல் தகடு வைத்து வெல்டிங் செய்திருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். விற்பதற்காகவே நேற்று அடித்தது போல அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பூச்சு மினுங்கினாலும் சந்தேகப்படுங்கள். பூச்சு துருவையும் மூடும், வெல்டிங்கையும் மூடும்.

சேசிஸ் கோணியிருக்கிறதா என்று அறிய, முன் இடது பிராக்கெட்டிலிருந்து பின் வலது பிராக்கெட் வரை டேப் பிடியுங்கள். பிறகு எதிர் மூலை. இரண்டு அளவுக்கும் ஒரு விரல் தடிமனுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வண்டி எங்கோ பலமாக அடிபட்டிருக்கிறது.

4x4 ஸ்டிக்கரை நம்புவது

4x4 என்றால் நான்கு சக்கரத்துக்கும் விசை போக வேண்டும். மைலேஜுக்காக, முன் ஆக்சிலுக்கு விசை கொண்டுபோகும் முன் ஷாஃப்ட்டைக் கழற்றி வீட்டில் போட்டுவைத்தவர்கள் உண்டு. உள்ளே கியர் தேய்ந்து, 4x4 லீவர் மட்டும் நகரும் வண்டிகளும் உண்டு. லீவர் விழுவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

சோதனை எளிது. சமதளத்தில் பின் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கியர் நியூட்ரலில், ட்ரான்ஸ்ஃபர் லீவர் 4எச்-இல் (நான்கு சக்கர ஓட்டம்), ஹப் லாக் (முன் சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்ட்டோடு இணைக்கும் பூட்டு) இருந்தால் இரண்டும் லாக்கில். ஒரு முன் சக்கரத்தை மட்டும் தூக்கிக் கையால் சுற்றுங்கள். கொஞ்சம் ஆடிவிட்டு நின்றுவிட வேண்டும். தாராளமாகச் சுற்றினால் ஹப், ஆக்சில் ஷாஃப்ட், கிரவுன் பினியன், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஆகியவற்றில் ஏதோ ஒன்று துண்டிக்கப்பட்டிருக்கிறது. லீவரை 2எச்-க்கு (பின் சக்கர ஓட்டம்) மாற்றினால் சக்கரம் சுற்ற வேண்டும், கூடவே முன் ஷாஃப்ட்டும் சுற்ற வேண்டும்.

ஏலச் சாமான்களைச் சேர்த்து அசெம்பிள் செய்த ஜீப்பில் இன்னொரு வில்லங்கம் உண்டு: முன் ஆக்சில் ஒரு வண்டியுடையது, பின் ஆக்சில் வேறொன்றுடையது. பழைய வில்லிஸ் ராணுவ ஜீப்பில் ஆக்சில் ரேஷியோ (சக்கரங்கள் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற கணக்கு) 4.88, மஹிந்திரா இங்கே உரிமம் வாங்கித் தயாரித்த சி.ஜே.3பி வகையில் 5.38. இரண்டும் ஒரே வண்டியில் இருந்தால் 4x4 போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுக்கும், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் நொறுங்கும். கண்டுபிடிக்க, 2எச்-இல், ஹப் லாக்கில், தூக்கிய முன் சக்கரத்தை 20 சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டு ஒருவர் பக்கவாட்டில் இருந்து எண்ணட்டும். ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவதால் ஷாஃப்ட் பாதிக் கணக்குதான் சுற்றும்: சுமார் 49 என்றால் 4.88, 54 என்றால் 5.38. பின் பக்கமும் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து இதே கணக்கு. இரண்டும் ஒன்றாக வர வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீர்கள், ஸ்டாண்ட் வையுங்கள்.

தார் ரோட்டில் 4x4 போட்டுப் பார்ப்பது

இந்த வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே வேக வித்தியாசத்தை ஈடுகட்டும் டிஃப்ரன்ஷியல் கிடையாது. தாரில் 4x4 போட்டுத் திரும்பினால் நல்ல வண்டியும் இறுகிக்கொள்ளும், லீவர் வெளியே வர மறுக்கும். அதைப் பார்த்து வண்டி கெட்டது என்று நினைப்பவர்களும் உண்டு, அப்படிச் சோதித்தே கெடுப்பவர்களும் உண்டு. மண் தரைக்கு ஓட்டிச் செல்லுங்கள். 4எல் (நான்கு சக்கர ஓட்டத்தில் மெதுவான, வலுவான கியர்) போட்டு மேட்டில் ஏறி, இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். என்ஜின் பிரேக் பிடிக்கும் அந்த நேரத்தில் லீவர் தானாகத் துள்ளி வெளியே வந்தால் உள்ளே பல் தேய்ந்திருக்கிறது. விற்பவர் லீவரைக் கையால் பிடித்துக்கொண்டே ஓட்டினால் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

டெஸ்ட் டிரைவில் இன்னொன்று: 50, 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விட்டுப் பாருங்கள். ஸ்டீரிங் பேய் பிடித்தது போல உதறினால் முன் ஆக்சிலில் தேய்மானம். புதிதாக ஸ்டீரிங் டேம்பர் மாட்டியிருந்தால், உதறலை மறைக்கத்தானோ என்று கேளுங்கள். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங்பின் (முன் சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்ட் (ஸ்டீரிங் கம்பியின் மூட்டு). முன் ஆக்சில் முனையில் உள்ள உருண்டையைச் சுற்றி கிரீஸும் எண்ணெயும் வழிந்து சேறு அப்பியிருந்தால் சீல் போயிருக்கிறது, அதன் வழியாகத் தண்ணீரும் உள்ளே போயிருக்கும். இரண்டு ஆக்சிலின் ஃபில்லர் பிளக்கையும் கழற்றி விரலை விடுங்கள். ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் வந்தால் ஆற்றில் இறங்கிய வண்டி.

டயர் நான்கும் ஒரே சைஸாக இருக்கிறதா என்று ஒரு பார்வை. முன்னும் பின்னும் வேறு சைஸ் போட்டு 4x4-இல் ஓட்டினால், ரேஷியோ மாறிய கதைதான்.

சூடான என்ஜினை ஸ்டார்ட் செய்து பார்ப்பது

நீங்கள் போவதற்குள் ஒருமுறை ஓட்டிச் சூடாக்கி வைத்திருப்பார்கள். முதலில் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் மறுநாள் காலை வாருங்கள். பியூஜோ டீசலில் ஹீட்டர் பிளக் போட்ட பிறகும் செல்ஃப் நெடுநேரம் சுற்ற வேண்டியிருந்தால் பிளக் செத்திருக்கும் அல்லது கம்ப்ரெஷன் குறைந்திருக்கும். குளிரில் ஒரு நிமிடம் வெள்ளைப் புகை வந்து அடங்கினால் பரவாயில்லை. நீலப் புகை தொடர்ந்தால் ஆயில் எரிகிறது. ஓடும்போது ஆயில் மூடியைத் திருகி எடுத்துத் தலைகீழாக அதே இடத்தில் வையுங்கள். லேசாகத் துடித்தால் டீசலுக்குச் சகஜம், தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங் முடிந்த கதை.

ரேடியேட்டர் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். புதிதாகத் தண்ணீர் மாற்றியிருப்பார். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, என்ஜின் முழுக்க ஆறிய பிறகு மூடியை இன்னொரு முறை திறந்து பாருங்கள்.