பழைய மடிக்கணினியை விற்குமுன் விண்டோஸ் உரிமத்தைப் பாருங்கள்

பழைய பொருள் விற்கும் கேரசல் தளத்தில் போட்டாலும் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்குவேர் கடைக்குக் கொண்டுபோனாலும், வாங்குகிறவர் ரேமையும் பேட்டரியையும்தான் கேட்பார். உரிமத்தைப் பற்றிய பேச்சு ஆறு மாதம் கழித்து, திரை ஓரத்தில் 'ஆக்டிவேட் செய்க' என்று வந்த பிறகுதான் கிளம்பும். விற்கிறவர் அதை முன்பே பார்த்துவிடலாம்.

முதலில் உரிமத்தின் வகை. கமாண்ட் ப்ராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு (/), டிஎல்ஐ என்று ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள். சிறு பெட்டி ஒன்று வரும். அதில் 'ஓஈஎம்' (தயாரிப்பாளர் போட்டுக் கொடுத்தது) என்றிருந்தால் உரிமம் அந்த மதர்போர்டோடு போகும். இயந்திரத்தோடு சேர்த்தே விற்கலாம். 'ரீடெயில்' (தனியாக வாங்கியது) என்றிருந்தால், வேறு கணினிக்கு எடுத்துப்போகலாம் என்று உடனே மகிழ வேண்டாம். விண்டோஸ் 7இலிருந்து இலவசமாக மேம்படுத்திய ஓஈஎம் இயந்திரங்களும் அப்படித்தான் காட்டும்.

'வால்யூம் கேஎம்எஸ்' என்று வந்தால் அது ஒரு நிறுவனம் மொத்தமாக வாங்கிய உரிமம், உங்களுடையதல்ல. நிறுவனத்தின் சர்வரைத் தொடாமல் 180 நாள் போனால் ஆக்டிவேஷன் காலாவதியாகும். அந்த ஆறு மாதக் கணக்கு இதுதான்.

பலர் சறுக்குவது இங்கேதான். செட்டிங்ஸில் உள்ள 'ரீசெட்' கோப்புகளை அழிக்கும். நிறுவனங்களுக்கான எண்டர்பிரைஸ் பதிப்பு அப்படியே இருக்கும். ஆகவே 8 ஜிபி யூஎஸ்பியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு நிறுவல் வட்டு செய்து, பழைய பார்ட்டிஷன்களை எல்லாம் நீக்கிவிட்டுப் புதிதாக நிறுவுங்கள். விண்டோஸ் 8 காலத்திலிருந்து தயாரிப்பாளர்கள் உரிமச் சாவியை மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரிலேயே பதித்துவிடுகிறார்கள். நிறுவல் மென்பொருள் அதைத் தானே படித்து, ஹோமா ப்ரோவா என்று கேட்காமலே நகரும். கேட்டால் ஃபர்ம்வேரில் சாவி இல்லை என்று பொருள்; மதர்போர்டு மாற்றிய இயந்திரங்களில் இது சகஜம். பத்து வெள்ளிக்கு இணையத்தில் கிடைக்கும் சாவிகள் பக்கம் போகாதீர்கள். பல, எங்கோ ஒரு நிறுவனத்தின் வால்யூம் சாவிகள். முடக்கப்பட்டால் வாங்கியவர் உங்களைத்தான் தேடி வருவார். உரிமம் இல்லையென்றால் மடிக்கணினியின் வட்டைக் காலியாக்கி, 'ஓஎஸ் இல்லை' என்று எழுதி விலையைக் குறையுங்கள்.

நிறுவியதும் வைஃபையில் இணைத்துப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரோடு லாகின் திரை வந்தால் அது ஆட்டோபைலட், அதாவது நிறுவனம் தன் கணினிகளை மைக்ரோசாஃப்டிடம் பதிந்துவைக்கும் ஏற்பாடு. எத்தனை முறை அழித்தாலும் திரும்ப வரும். அந்த நிறுவனத்தின் ஐடி பிரிவு தன் பட்டியலிலிருந்து நீக்கினால்தான் விடும். நீக்கும்வரை விற்காதீர்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 சந்தா உங்கள் கணக்கோடு ஒட்டியது, இயந்திரத்தோடு போகாது. இலவசமான லிப்ரேஆஃபிஸ் போட்டுக் கொடுங்கள், போதும்.

பெட்டியோடு வாங்கிய ரீடெயில் சாவியை வேறு கணினிக்கு எடுத்துப்போவதானால், அதே கட்டளையில் டிஎல்ஐக்குப் பதில் முதலில் யூபிகே, பிறகு சிபிகேஒய். முதலாவது சாவியைக் கழற்றும், இரண்டாவது அதை விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியிலிருந்து துடைக்கும்.

பின்சேர்ப்பு: விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்திய இயந்திரங்களில் பெரும்பாலானவை விண்டோஸ் 11க்குத் தகுதி பெறா. சுற்றுவழியில் 11ஐ ஏற்றியிருந்தால் அதையும் விளம்பரத்தில் சொல்லிவிடுங்கள்.