சண்டை நடக்கும் நாட்டு ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்களுக்கு

வேலூரில் நர்சிங் படித்துவிட்டு வெளிநாடு போவது நம்ம பக்கம் புதிதல்ல. ஆனால் போகிற நாட்டில் சண்டை நடக்கிறது என்றால் விசா, சம்பளம் மட்டும் விசாரித்தால் போதாது. 2014-ல் இராக்கின் திக்ரித்தில் 46 இந்திய நர்ஸ்கள் ஆஸ்பத்திரிக்குள்ளேயே மாட்டிக்கொண்டார்கள், ஜூலையில்தான் ஊர் திரும்பினார்கள்.

கையெழுத்துப் போடும் முன்பே கேளுங்கள்: சண்டை நெருங்கினால் எங்களை வெளியேற்றுவது யார் பொறுப்பு, எந்த வழியாக? பதில் சொல்ல ஏஜென்ட் தயங்கினால் போகாதீர்கள். சென்னையில் தமிழ்நாடு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, அரசு நிறுவனம், முதலில் அங்கே விசாரியுங்கள்.

அப்புறம் சட்டம். 1949 ஜெனீவா ஒப்பந்தங்களின்படி ஆஸ்பத்திரியைத் தாக்கக் கூடாது. அங்கிருந்து எதிரிக்குத் தீங்கு செய்யும் வேலை நடந்தால் மட்டுமே அந்தப் பாதுகாப்பு போகும், அப்போதும் முதலில் எச்சரித்து, பொருத்தமான இடங்களில் அவகாசமும் தர வேண்டும். காயப்பட்ட போராளிக்கு மருந்து போடுவது தீங்கு செய்வதாகாது. அவரிடமிருந்து வாங்கி வைத்த துப்பாக்கி இன்னும் ஒப்படைக்கப்படாமல் இருந்தாலும் பாதுகாப்பு போய்விடாது. ஆனாலும் அதை உடனே ஒப்படைக்கச் சொல்லுங்கள். ஆயுதத்தோடு யாரும் வார்டுக்குள் வரக் கூடாது என்று வாசலிலேயே படம் போட்ட பலகை வையுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும். யாருக்கு முதலில் சிகிச்சை என்பதைக் காயம்தான் முடிவு செய்ய வேண்டும், எந்தப் பக்கத்து ஆள் என்பது அல்ல.

செஞ்சிலுவைச் சின்னத்தை நம்ம ஊரில் மருந்துக்கடைப் பலகையிலும் கார் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்கிறார்கள், தயவுசெய்து அதை நிறுத்துங்கள். போர்க்காலத்தில் பொது ஆஸ்பத்திரிகூட அரசு அனுமதியோடுதான் அதைப் போட முடியும். அனுமதி இருந்தால் கூரையில் மேலிருந்து தெரிகிற அளவுக்குப் பெரிதாக வரையச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரி இருக்கும் இடத்தை ஜிபிஎஸ் எண்களோடு சண்டையிடும் எல்லாத் தரப்புக்கும் நிர்வாகம் தெரிவித்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இவ்வளவு செய்தாலும் குண்டு விழலாம். 1987 தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படையினர் சுட்டதில் நோயாளிகளோடு டாக்டர்களும் நர்ஸ்களும் கொல்லப்பட்டார்கள். 2009-ல் இலங்கையின் புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரி திரும்பத் திரும்ப ஷெல்லடி பட்டது. வேலூர் பக்கம் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கும் குடும்பங்களுக்கு இதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் உள்ளேயும் தயாராக இருங்கள். குண்டு விழும்போது கண்ணாடிச் சில்லும் நிறைய பேரைக் காயப்படுத்தும், ஜன்னல்களில் பிளாஸ்டிக் படலம் ஒட்டி, கட்டில்களை உள்சுவர்ப் பக்கம் நகர்த்துங்கள். கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத ஒரு அறையைத் தண்ணீர், டார்ச், ரத்தம் நிறுத்தும் கட்டுகளோடு தயாராக வையுங்கள். ஜெனரேட்டர் டீசலை வார்டுக்குப் பக்கத்தில் வைக்க விடாதீர்கள். ஒரு இடத்தில் குண்டு விழுந்ததும் உடனே எல்லாரும் அங்கே ஓடாதீர்கள், அதே இடத்தில் இரண்டாவதும் விழலாம்.

ஆம்புலன்ஸில் போகும்போது சோதனைச் சாவடி வந்தால் வேகத்தைக் குறைத்து, உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, கைகள் தெரிய உட்காருங்கள். போனில் படம் எடுக்காதீர்கள். ஆயுதத்தோடு யாரையும் ஏற்றாதீர்கள்.

போய்ச் சேர்ந்ததும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். வெளியேறச் சொல்லித் தூதரகம் அறிவித்துவிட்டால், சம்பள பாக்கி எவ்வளவு இருந்தாலும் அதற்காகக் காத்திருக்காமல் முதல் வண்டியிலேயே கிளம்புங்கள்.