பாறைக்குட்டையில் ஸ்கல்பின் மீனைக் கண்டறிவது எப்படி

அலாஸ்காவிலிருந்து கலிஃபோர்னியா வரை நீளும் வட அமெரிக்காவின் பசிபிக் கரையில், ஓதம் வற்றியபின் பாறைப் பள்ளங்களில் தேங்கும் நீரில் வாழும் சிறு மீன் டைட்பூல் ஸ்கல்பின். ஒலிகோகாட்டஸ் மாகுலோசஸ் என்பது இதன் அறிவியல் பெயர். முழுமையாக வளர்ந்தாலும் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர்தான். கண்ணில் படுபவை பெரும்பாலும் சுண்டுவிரல் நீளம்கூட இருப்பதில்லை. இக்கரையின் குட்டைகளில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் மீன் இது. ஆயினும் வருபவர்களில் பலர் நண்டையும் நட்சத்திர மீனையும் பார்த்துவிட்டு, மீன் எதுவும் இல்லை என்று சொல்லித் திரும்புகிறார்கள்.

முதலில் நேரத்தைக் கணிக்க வேண்டும். இக்கரையில் நாளொன்றுக்கு இருமுறை ஓதம் ஏறி இருமுறை வற்றும். இரண்டு வற்றங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. வாஷிங்டன், பிரிட்டிஷ் கொலம்பியா கரைகளில் கோடையில் ஆழமான வற்றம் பகலிலும், குளிர்காலத்தில் இரவிலும் அமைகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மேலும் இறங்கும். அமெரிக்க ஓத அட்டவணைகள் வழக்கமாக அடியிலும், கனடாவின் அட்டவணைகள் மீட்டரிலும் நீர்மட்ட அளவைத் தருகின்றன. இரண்டும் பூஜ்யத்தை வெவ்வேறு மட்டத்தில் வைத்திருப்பதால் ஒன்றின் எண்ணை மற்றதோடு ஒப்பிடக் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழே இறங்கும் நாளுக்காகக் காத்திருக்கும்படி பலரும் சொல்வார்கள். அது பிற உயிர்களுக்குப் பொருந்தும் அறிவுரை. இந்த மீன் கரையின் நடுப்பகுதிக் குட்டைகளிலும் மேற்பகுதிக் குட்டைகளிலும் வாழ்வதால் ஓரளவு வற்றமே போதுமானது. வற்றத்தின் உச்சத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பே சென்று, இறங்கும் நீரைப் பின்தொடர்வது நல்லது.

வான்கூவர் தீவில் போர்ட் ரென்ஃப்ரூவுக்கு அருகிலுள்ள பொட்டானிக்கல் பீச் இதற்கு ஏற்ற இடம். ஜோசஃபின் டில்டன் என்ற தாவரவியலாளர் 1901-ல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்காகக் கடல் ஆய்வு நிலையம் ஒன்றை இங்குதான் நிறுவினார். இங்கே மணற்கல்லில் உருண்டையாகக் குடைந்த குழிகள் நிறைய உண்டு. ஒரிகனின் யகீனா ஹெட், கலிஃபோர்னியாவின் மாஸ் பீச் ஆகியவையும் பெயர்பெற்ற பாறைக்கரைகள். எங்கே சென்றாலும், அலை நேரடியாக மோதாததும், அடியில் மணலோ பரலோ படிந்ததும், பாசி அடர்ந்து மூடாததுமான குட்டையைத் தேர்ந்துகொள்ளுங்கள். கடற்பாசியும் கடற்புல்லும் மண்டிய குட்டைகளில் இதன் நெருங்கிய உறவான ஒலிகோகாட்டஸ் ஸ்னைடெரி இருக்கவே வாய்ப்பு அதிகம்.

குட்டையருகே நின்று பார்ப்பதால் பயனில்லை. மண்டியிட்டோ உட்கார்ந்தோ பார்க்க வேண்டும். நிழல் நீரில் விழாதபடி சூரியனை முன்பக்கம் வைத்து அமருங்கள். நீர்ப்பரப்பின் கண்கூச்சத்தைக் குறைக்க போலராய்டு கண்ணாடி பெரிதும் உதவும். அதன்பின் சில நிமிடங்கள் அசையாமல் இருக்க வேண்டும். குழந்தைகளோடு சென்றால் கடினமான பகுதி இதுதான். ஸ்கல்பினுக்குக் காற்றுப்பை கிடையாது. ஆகையால் அது நீரில் மிதந்து நிற்காமல் அடித்தரையில் படுத்துக் கிடக்கும். திடீரென ஒரு சாண் தூரம் பாய்ந்து, மறுபடி கல்லோடு கல்லாக நின்றுவிடும். பாய்ச்சலைக் கண்ணால் துரத்தாமல், அது முடிந்த இடத்தையே உற்றுப் பாருங்கள். அகன்ற தலையும், விசிறி போல் விரிந்த மார்புத் துடுப்புகளும், வாலை நோக்கி ஒடுங்கும் உடலும் ஒவ்வொன்றாகப் பிடிபடும். சாம்பல், பழுப்பு, பச்சை, செம்மை என உடல் நிறம் தரையை ஒட்டி மாறும். முதுகின் குறுக்கே படிந்த கருந்திட்டுகளை அடையாளமாகக் கொள்ளலாம்.

இனத்தை உறுதிசெய்ய, தலையிலும் உடலின் பக்கவாட்டுக் கோட்டிலும் உள்ள நுண்ணிய மயிர் போன்ற நீட்சிகளைக் கவனிக்க வேண்டும். டைட்பூல் ஸ்கல்பினில் அவை பெரும்பாலும் தனித்தனியாக இருக்கும். ஸ்னைடெரியில் கொத்துக் கொத்தாக இருக்கும். டைட்பூல் ஸ்கல்பினில் செவுள் மூடியின் முன்பகுதி முள் நுனி பிளவுபட்டிருக்கும். உடலில் செதில்கள் இல்லை. இவற்றைக் கையில் எடுத்துத்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. கேமராவின் பெரிதாக்கும் வசதியே போதும். நீரில் கைவிட நேர்ந்தால், கையில் சன்ஸ்கிரீன் இருக்கக் கூடாது.

சில வேளைகளில் இம்மீன் மூக்கை நீர்ப்பரப்பில் நீட்டியபடியோ, விளிம்பில் பாதி உடல் வெளியே தெரியும்படியோ கிடக்கும். இரவில் பாசிகளும் ஒளிச்சேர்க்கையின்றி ஆக்சிஜனைச் செலவழிப்பதால், குட்டை நீரில் அது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அப்போது மீன் முதலில் மேற்பரப்பு நீரைச் செவுள்வழி இழுத்துச் சமாளிக்கும்; அதுவும் போதாதபோது நீரைவிட்டு வெளியேறிக் காற்றைச் சுவாசிக்கும். சாகக் கிடக்கிறது என்று இரக்கப்பட்டு அதை உள்ளே தள்ளாதீர்கள்.

ஒரு குட்டையில் பிடித்ததை இன்னொன்றில் விடுவதும் தவறு. ஸ்கல்பினுக்குத் தன் குட்டை எதுவென்று தெரியும். ஏறத்தாழ 100 மீட்டர் தள்ளி விடப்பட்ட மீன்கள் திரும்பி வந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மோப்ப உணர்வே அதற்கு முக்கிய வழிகாட்டி. எனினும் எல்லா மீன்களும் வந்து சேர்வதில்லை. பிளாஸ்டிக் வாளியில் வைப்பதை நான் ஏற்பதில்லை. வெயிலில் சிறிதளவு நீர் விரைவில் சூடேறிவிடும். புரட்டிய கல்லை முன்பிருந்த முகமாகவே மெதுவாக வைக்க வேண்டும், ஏனெனில் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் உயிர்கள் வெயில் பட்டால் காய்ந்துவிடும். மேற்சொன்ன மூன்று கரைகளும் பாதுகாக்கப்பட்டவை. அங்கிருந்து எதையும் எடுத்துச்செல்ல அனுமதி இல்லை.

ஓதம் திரும்பியதும் கிளம்பிவிடுங்கள். கடலுக்கு முதுகு காட்டி உட்காராமல் இருப்பதும், கரைக்குத் திரும்பும் பாறைவழி நீரில் மூழ்குமா என்று வரும்போதே பார்த்துவைப்பதும் அவசியம்.