சொன்ன பதில் சரிதானா? அறிவியல் விளக்குபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு அறிவியல் பட்டறையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் மெழுகுவத்தியை நிறுத்தி ஏற்றி, அதன்மேல் டம்ளரைக் கவிழ்த்தார். சுடர் அணைந்தது. தண்ணீர் உள்ளே ஏறியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். "உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோச்சு, அந்த இடத்தைத் தண்ணீர் பிடிச்சுக்கிச்சு" என்றார். அவர் கையிலிருந்த தாளை எட்டிப் பார்த்தேன். எட்டு வருடங்களுக்கு முன்னால் நான் எழுதிக் கொடுத்த தாள். படம்கூட நான் வரைந்ததுதான்.

அந்த விளக்கம் தப்பு. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை, பலகையை மறைத்துக்கொண்டு நிற்கிறார் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நாலு கூட்டம் நடத்தினால் அவை தாமாகவே சரியாகிவிடும்.

பெயரைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவது

வானம் ஏன் நீலம் என்று கேட்டால், "ராலே சிதறல்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். கேட்ட பிள்ளைக்கு ஒரு பெயர் கிடைத்தது, அவ்வளவுதான். காற்றிலுள்ள மூலக்கூறுகள் அலைநீளம் குறைந்த ஒளியை அதிகமாகச் சிதறடிக்கின்றன. 450 நானோமீட்டர் நீலம், 700 நானோமீட்டர் சிவப்பைவிட ஏறக்குறைய 6 மடங்கு சிதறுகிறது. இதைச் சொன்னால்தான் பதில் தொடங்குகிறது. தொடங்கியதும் யாராவது ஒரு சுட்டி, "ஊதாவுக்கு அலைநீளம் இன்னும் கம்மியாச்சே, அப்போ வானம் ஏன் ஊதாவா இல்லை?" என்று கேட்கும். சூரிய ஒளியில் ஊதா குறைவு, நம் கண்ணும் ஊதாவை அவ்வளவாக உணர்வதில்லை. இந்த இரண்டாவது கேள்விக்கும் தயாராகப் போங்கள்.

நடக்காததற்குக் காரணம் சொல்வது

கைகழுவும் தொட்டியில் தண்ணீர் வடியும்போது, பூமத்திய ரேகைக்கு வடக்கே ஒரு பக்கமாகவும் தெற்கே மறுபக்கமாகவும் சுழல்வது ஏன்? உடனே பூமியின் சுழற்சியைப் பற்றி அழகாகப் பேசத் தொடங்கிவிடுவோம். அதற்கு முன்னால் நாலு தொட்டிகளில் தண்ணீரைத் திறந்துவிட்டுப் பாருங்கள். ஒன்று வலமாகச் சுழலும், அடுத்தது இடமாகச் சுழலும். தொட்டியின் வடிவமும், குழாயைத் திறந்ததில் வந்த அசைவும்தான் திசையைத் தீர்மானிக்கின்றன. பூமியின் சுழற்சிக்கும் அதில் பங்கு உண்டு, ஆனால் அது மிகமிகச் சிறியது. 1962இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஆஷர் ஷபிரோ என்ற பேராசிரியர் அதைக் காட்டுவதற்கு, 6 அடி அகலத் தொட்டியில் தண்ணீரை நிரப்பி 24 மணி நேரம் அசையாமல் வைத்திருக்க வேண்டியிருந்தது.

கணக்கு பொருந்தியதும் கண்ணை மூடிக்கொள்வது

சரி, மெழுகுவத்திக்கு வருவோம். காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம், அதாவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. டம்ளரில் தண்ணீரும் ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு ஏறினால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்? எனக்கு வரவில்லை. டம்ளரில் மார்க்கரால் ஐந்து கோடுகள்கூடப் போட்டு வைத்திருந்தேன். தண்ணீர் சில நாள் கோட்டைத் தாண்டும், சில நாள் எட்டாது. அப்போதெல்லாம் என்ன செய்தேன் தெரியுமா? மெழுகுவத்தியை மாற்றினேன், டம்ளரை மாற்றினேன். கோட்டில் வந்து நிற்கிற ஜோடி கிடைத்ததும் அதை ஒரு துணியில் சுற்றிப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். மூன்று வருடம் அந்த ஜோடியை வைத்தே காலம் தள்ளினேன்.

ஒருநாள் முன்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி கேட்டாள்: "அக்கா, நெருப்பு எரியிறப்போ தண்ணி சும்மாதானே இருந்துச்சு? அணைஞ்ச அப்புறம்தானே ஏறுச்சு?"

மறுபடி செய்து பார்த்தேன். அவள் சொன்னது சரி. சுடர் எரிந்துகொண்டிருந்தவரை தண்ணீர் பெரிதாக அசையவில்லை. டம்ளரின் விளிம்பிலிருந்து ஓரிரு குமிழிகள் வெளியேகூட வந்தன. சுடர் சுருங்கி அணைந்த பிறகுதான் தண்ணீர் சரசரவென்று ஏறியது. எரியும்போதுதான் ஆக்சிஜன் செலவாகிறது என்றால், ஏற்றமும் எரியும்போதுதானே நடந்திருக்க வேண்டும்?

அப்புறம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மெழுகுவத்தி ஆக்சிஜனை முழுதாகத் தீர்ப்பதில்லை. 21 சதவீதம் 16 வாக்கில் இறங்கும்போதே அணைந்துவிடும். செலவான அந்த 5க்கும் ஈடு உண்டு. மெழுகு எரியும்போது 3 பங்கு ஆக்சிஜனுக்கு ஏறக்குறைய 2 பங்கு கார்பன் டை ஆக்சைடு திரும்பி வருகிறது. கழித்துப் பார்த்தால், உள்ளே குறைந்த காற்று 2 சதவீதம்கூடத் தேறாது.

ஏற்றத்துக்குப் பெரிய காரணம் சூடு. டம்ளரைக் கவிழ்க்கும்போதே அதில் அடைபடுவது சுடரால் சூடேறிய காற்று. சுடர் அணைந்ததும் அது ஆறுகிறது, சுருங்குகிறது, நீராவியும் தண்ணீராகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. 90 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஆறும் காற்று ஆறில் ஒரு பங்கு சுருங்கும். ஐந்தில் ஒன்றுக்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்! அந்த நெருக்கம்தான் என்னை ஏமாற்றியது.

நம்பிக்கை வரவில்லையா? அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவத்திகளை ஏற்றுங்கள். ஆக்சிஜன் அதே அளவுதான், தண்ணீர் மட்டும் இன்னும் மேலே ஏறும். ஐந்தில் ஒரு பங்கை உண்மையாகவே காட்ட வேண்டுமானால், துருப்பிடிக்கிற இரும்பு நாரை நனைத்து டம்ளரின் அடியில் செருகி, தண்ணீரில் கவிழ்த்து, ஓரிரு நாள் விட்டுவிடுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நார் உதவாது.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தம்பியிடம் மூன்று மெழுகுவத்திகளைக் கொடுத்தேன். இரண்டு தடவை செய்து பார்த்தார். "அக்கா, தாள்ல தப்பா இருக்கே, யார் எழுதினது?" என்றார். சொன்னேன்.

சூரியனுக்குப் பக்கத்தில் போனால் கோடை

பூமி சூரியனுக்கு மிக அருகே இருப்பது ஜனவரி முதல் வாரத்தில். வட அரைக்கோளத்துக்கு அப்போது குளிர்காலம்.

கண்ணாடி இடவலம் மாற்றுகிறது

மாற்றுவதில்லை. கண்ணாடி முன்னால் வடக்கே பார்த்து நின்று நீங்கள் கிழக்கே கையை நீட்டினால் பிம்பமும் கிழக்கேதான் நீட்டுகிறது. புரள்வது முன்னும் பின்னும்.

பிளாஸ்டிக் டம்ளர்

உருகிவிடும். என் தாளில் வெறுமனே "ஒரு டம்ளர்" என்றுதான் இருக்கும். பேனாவால் "கண்ணாடி" என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.